போர்மேன் காலுக்கு நைலான் சாக்ஸ்

பியூலா: வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்குங்கண்ணே. இத்தினிக்கூண்டு காட்டுனா நான் எப்படி அளவெடுக்க?

சங்கிலிமுத்து: இம்புட்டுப் போதும் சிஸ்டர். டாக்டர்தான் எல்லாம் பாத்துட்டாருல்ல...

சுப்புத்தாய்: கேட்டுல நூறு பேரை நிறுத்தி வச்சு சோதனை போடுற மனுசனுக்கு வெக்கத்தைப் பாரு!

சங்கிலிமுத்து: நீ செத்த வாயை மூடிக்கிட்டு இரு சுப்பு.

பியூலா: எந்தக் கேட்டைச் சொல்றீகக்கா?

சுப்புத்தாய்: ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனியில போர்மேன் சிஸ்டர். நானும் அங்கனதான் வேலை பாக்கேன், வெடிக்கு மருந்து செலுத்துற ரூம்ல. காலையில வேன் வந்து நின்னதும் இவுக கேட்டுல நின்னுக்கிருவாக. தீப்பெட்டி இருக்கா, பீடி இருக்கா, கட்டியிருக்கது நைலான் சேலையா... அம்புட்டும் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாக.

பியூலா: நைலான் சேலை என்னண்ணே பண்ணுச்சு?

சங்கிலிமுத்து: உரசுனா பொறி வரும் சிஸ்டர். நம்ம கண்ணுக்குத் தெரியாது. வெடிமருந்துக்குத் தெரிஞ்சுரும்.

சுப்புத்தாய்: கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம், எங்கம்மா எடுத்துக் குடுத்த புதுச்சேலையக் கட்டிக்கிட்டுப் போனேன். பொண்டாட்டின்னும் பாக்காம திருப்பி அனுப்பிட்டாரு! வேன்ல இருந்த பொம்பளைக எல்லாம் சிரிச்சாளுக.

சங்கிலிமுத்து: நைலக்ஸ் சேலைய கட்டிக்கிட்டு வந்தா, மாலை போட்டா கூட்டிட்டுப் போவாக?

பியூலா: சரி சரி, சண்டைய வீட்டுல போய் வச்சுக்கோங்க. அண்ணே, டாக்டர் சொன்னது புரிஞ்சுதா?

சங்கிலிமுத்து: பாதி புரிஞ்சுது. வால்வு கெட்டுப்போச்சுன்னாரு. கால்ல வால்வு எங்கன இருக்கு?

பியூலா: ரத்தம் கீழ இருந்து மேல ஏறணும்லண்ணே. ஏறுனது திரும்ப எறங்காம இருக்க, குழாய்க்குள்ள சின்னச் சின்னதா வால்வு இருக்கும். நாள் பூரா நின்னுக்கிட்டே இருந்தா சில பேருக்கு அது கெட்டுப்போகும். ரத்தம் கீழயே தேங்கி, நரம்பு புடைச்சு, இப்படிச் சுருண்டுக்கிரும்.

சங்கிலிமுத்து: அடிபம்புல வாசர் தேஞ்ச கதை.

பியூலா: அதேதான். உங்களுக்குக் கணுக்கால் பக்கம் தோலே கறுத்துப்போச்சு. இதுல புண்ணு வந்தா லேசுல ஆறாது. இன்னைக்கே ஒரு முடிவு சொல்லிட்டுப் போகச் சொல்லிட்டாரு டாக்டர்.

சுப்புத்தாய்: போன வாரம் சைக்கிள் பெடல் லேசாக் கீறினதுக்கு வீடெல்லாம் ரத்தம் சிஸ்டர். நான் பதறிப்போயிட்டேன். இவுக என்னடான்னா செவப்பு மத்தாப்புங்காக!

பியூலா: நாலு வழி இருக்குண்ணே. முதல்ல சாக்ஸ். தொடை வரைக்கும் வரும், இறுக்கமா இருக்கும். காலையில எந்திரிச்சதும் மாட்டுனா ராத்திரி படுக்கப் போகைல கழட்டணும். நோய் போகாது, ஆனா வீக்கமும் வலியும் மட்டுப்படும்.

சங்கிலிமுத்து: அது என்ன துணி?

பியூலா: எலாஸ்டிக்கும்... நைலானும்...

சங்கிலிமுத்து: ஆங்! அடுத்ததைச் சொல்லுங்க.

பியூலா: மேல காட்டன் சுத்துனதும் வருதுண்ணே.

சங்கிலிமுத்து: உள்ள நைலான்னா நைலான்தான் சிஸ்டர். அந்தச் சமாதானத்தை எங்கிட்ட எத்தனை பேரு சொல்லியிருக்காக தெரியுமா? அடுத்தது.

பியூலா: ஊசி. நரம்புக்குள்ள மருந்து போட்டா அது சுருங்கிப்போகும். ஆனா சின்ன நரம்புக்குத்தான் சரிப்படும்னு டாக்டர் சொல்றாரு. உங்களுது விரல் தண்டிக்கு இருக்கு.

சுப்புத்தாய்: ஊசின்னதும் மூஞ்சி வேர்க்குது பாருங்க! அணுகுண்டுக்குப் பக்கத்துல நிக்கிற மனுசன்.

சங்கிலிமுத்து: அணுகுண்டு என்னையக் குத்தாதுத்தா.

பியூலா: மூணாவது, மதுரையில லேசர் வந்திருக்கு. வயர் மாதிரி ஒண்ணை நரம்புக்குள்ள விட்டு, உள்ளயே சூடு வச்சு அடைச்சுருவாக. அன்னைக்கே நடந்து வீட்டுக்கு வந்துரலாம்.

சங்கிலிமுத்து: திரியை உள்ள சொருகிப் பத்த வைக்காகளா?

பியூலா: ஐயோ அண்ணே...

சங்கிலிமுத்து: இல்ல சிஸ்டர், இருபது வருசமாப் பத்தாமப் பாத்துக்கிட்டு இருக்கேன். என் காலுக்குள்ளயே வைக்கச் சொன்னா எப்படி?

சுப்புத்தாய்: நாலாவதைச் சொல்லுங்க சிஸ்டர். இவுக பேச்சைக் கேட்டா பொழுது அடஞ்சுரும்.

பியூலா: ஆபரேசன். இங்கனயே நம்ம டாக்டர் பண்ணுவாரு. கவட்டுப் பக்கம் சின்னதாக் கீறி, கெட்ட நரம்பை உருவி எடுத்துருவாக. ரெண்டு நாள் படுக்கணும். வேலைக்குப் போக ரெண்டு மூணு வாரம் ஆகும்.

சங்கிலிமுத்து: இது தேவலை! பனியன் நூலை உருவுன மாதிரி ஒரே இழுப்பு. அதோட முடிஞ்சிருமுல்ல?

பியூலா: முடிஞ்சிரும். அப்புறம் கொஞ்ச மாசத்துக்கு...

சங்கிலிமுத்து: கொஞ்ச மாசத்துக்கு?

பியூலா: சாக்ஸ் போடணும்.

சங்கிலிமுத்து: அடப்பாவி! லேசர் வச்சா?

பியூலா: அதுக்கும் சாக்ஸ்.

சங்கிலிமுத்து: ஊசிக்கு?

பியூலா: ஊசிக்கும் சாக்ஸ்தாண்ணே.

சுப்புத்தாய்: எந்த வாசல்ல ஏறுனாலும் சாக்ஸ் முன்னால வந்து நிக்குதே!

சங்கிலிமுத்து: நான் அதை மாட்டிக்கிட்டு கேட்டுல நின்னா, நாளைக்கு எந்தப் பொம்பளை சேலைய நான் குத்தம் சொல்ல முடியும்? வேண்டாம் சிஸ்டர். வலிக்கு மாத்திரை குடுங்க, கெளம்புறோம்.

பியூலா: கேட்டுலதான் நிக்கணுமா? உக்காந்து பாக்குற வேலை ஏதாச்சும்...

சுப்புத்தாய்: நல்லாக் கேளுங்க சிஸ்டர். சிவகாசி ஆபீசுல ஒரு வேலை இருக்கு. சேர்ல உக்காந்து லேபிள் கட்டைப் பிரிச்சு அடுக்கணும். அங்கன வெடிமருந்து வாடையே கிடையாது. நைலான் சாக்ஸ் என்ன, நைலான் சட்டையே போடலாம். மொதலாளி இவுகளைத்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்காரு.

சங்கிலிமுத்து: அது... உனக்கு யாரு சொன்னா?

சுப்புத்தாய்: யாரோ சொன்னாக. கேட்டாரா இல்லையா?

சங்கிலிமுத்து: கேட்டாரு.

சுப்புத்தாய்: என்ன சொன்னீக?

சங்கிலிமுத்து: வேற ஆளைப் போடுங்கன்னேன்.

பியூலா: ஏண்ணே இப்படி? கால் உங்களுதுல்ல!

சுப்புத்தாய்: யாரைப் போடச் சொன்னீக?

சங்கிலிமுத்து: விடு சுப்பு...

சுப்புத்தாய்: எங்கூட மருந்து செலுத்துற அந்த ரோஜாவையா? அவதான் 'போர்மேன் அண்ணே, போர்மேன் அண்ணே'ன்னு வாய் நெறையக் கூப்பிடுவா.

சங்கிலிமுத்து: ஏ, சிஸ்டர் முன்னால என்ன பேச்சு பேசுத?

சுப்புத்தாய்: பின்ன பேரைச் சொல்லுங்க. சொல்லாட்டி இந்த பெஞ்சை விட்டு நான் எந்திரிக்க மாட்டேன்.

சங்கிலிமுத்து: உம்பேரைத்தான் சொன்னேன்! போதுமா? பதினெட்டு வருசமா அந்த மருந்து ரூமுக்குள்ள நீ போறதையும் வாரதையும் பாத்துக்கிட்டே நிக்கேன். சாயங்காலம் வெளிய வந்து கையைக் கழுவுற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல. அப்பேர்ப்பட்ட இடத்துல உன்னைய விட்டுட்டு, நான் போயி பேன் காத்துல காலை நீட்டிக்கிட்டு உக்காரவா? புண்ணு வந்தா வரட்டும். நீ அங்கிட்டுப் போ.

பியூலா: அக்கா... கண்ணைத் தொடைங்க. அண்ணே, ஏதாச்சும் ஆறுதலாச் சொல்லுங்க.

சங்கிலிமுத்து: இதுக்குத்தான் நான் சொல்லாம இருந்தேன். அழாதத்தா. திங்கக்கிழமை நீ ஆபீசுக்குப் போயிரு. மொதலாளியும் சரின்னுட்டாரு.

சுப்புத்தாய்: சரின்னுட்டு, சனிக்கிழமையே என்னையக் கூப்பிட்டு அம்புட்டையும் சொல்லிட்டாரு. சேர்ல எம் புருசனைப் போடுங்க, கேட்டுல நான் நிக்கேன், பொம்பளைக பாவாடை நைலானா இல்லையான்னு தொட்டுப் பாக்க பொம்பளைதான் சரின்னேன். யோசிக்காமத் தலையாட்டிட்டாரு. திங்கக்கிழமையில இருந்து மருந்து ரூமுக்குள்ள நானும் போகப்போறதில்ல, நீங்க பயப்படாதீக. உங்க வாயால கேக்கணும்னுதான் பேரைக் கேட்டேன்... சிஸ்டர், வர்ற வியாழக்கிழமை ஆபரேசன்னு எழுதுங்க, சாக்ஸுக்கும் சேத்து அளவெடுத்துருங்க.