கதவு வைக்காத கூண்டு

– அந்தக் கம்பில கை வெச்ச, ஊரக் கூட்டிடுவேன் பாய். எறக்கு ரம்பத்த.

– கூட்டு, முத்தாலம்மா. வர்றவன்ல ரெண்டு பேரு மரத்தப் புடிச்சுக்கட்டும். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்.

– இன்னா நக்கலா? பட்டப்பகல்ல வந்து மரத்துக் கூண்ட அறுத்துகினு கீற. காயலாங்கடையில போடப் போறியா? வெல்டிங் பட்டறை வெச்சுக்கீற ஜலால் பாய்க்கே இரும்பு இல்லாம பூட்ச்சா?

– திருடன்னு சொல்ற. சரி, சொல்லிக்கோ. இத்தன நாளா நான் ஊர்ல இருக்கறவன எல்லாம் சொன்னேன், இன்னிக்கு எனக்கு வருது. தள்ளி நில்லு, இரும்புத்தூள் மீன் மேல விழும்.

– மீனு வித்தாச்சு. நாலு காரப்பொடி மீனு கீது, அதுவும் பூனைக்கு. நீ பேச்ச மாத்தாத. இந்தத் தூங்குமூஞ்சி மரம் நான் தண்ணி ஊத்தி வளத்தது. சுனாமி வந்த அடுத்த வருசம் நட்டாங்கோ. நட்டவன்லாம் போட்டோ புடிச்சுகினு பூட்டான். கொடம் தூக்கினது யாரு?

– நீதான். மீன் கழுவுன ஐஸ் தண்ணியா ஊத்தின?

– உப்புத் தண்ணிய ஊத்துவேனா? எனக்கு இன்னா மூளை கொழம்பிப் பூட்ச்சா? கோயிலாண்ட போர் பைப்புல புடிச்சாந்து ஊத்தினேன். மெய்யாலுமே சொல்றேன், எம் புருசனுக்குக் கூட அவ்ளோ தண்ணி மொண்டு குடுத்தது இல்ல.

– சரி, அண்ணாந்து பாரு. கூண்டோட மேல் சட்டம் எங்க இருக்கு?

– எங்க இருக்கும். மரத்தச் சுத்திக் கீது.

– சுத்தி இல்ல, மரத்துக்குள்ள இருக்கு. கடக்காத்து ஓயாம தள்ளித் தள்ளி, மரம் மேக்கால சாஞ்சு, சட்டத்து மேலயே ஒக்காந்து வளந்திருக்கு. பட்டை இரும்ப முழுங்கிடுச்சு. பாரு, இடுப்புல கயிறு போட்டு இறுக்கின மாதிரி.

– அது மரத்துக்கு அப்டி ஒரு மடிப்புன்னு நெனச்சுகினேன்.

– ஸ்கூல் வாசல் மரம் முந்தாநாள் காத்துல முறிஞ்சுதே, எங்க முறிஞ்சுது தெரியுமா? சரியா அந்தச் சட்டத்துல. அரிவாள வெச்ச மாதிரி. கீழ நின்ன லாசரஸ் ஆட்டோ அப்பளமா போச்சு. அவன் டீ குடிக்கப் போயிருந்தான், அல்லா காப்பாத்துனான்.

– கேட்டேன் கேட்டேன். பஞ்சாயத்து மெம்பர் தாமோதரன் நேத்து மீன் வாங்க வந்தாரு. இது சொத்த மரம், வேர் புடிக்காத மரம்னு சொல்லிகினு இருந்தாரு.

– மரம் சொத்தை இல்ல. உங்கிட்ட அத்தோட நிறுத்திட்டாரா? நாளைக்குக் காலையில மெஷின் ரம்பம் வருது. இந்த ரோட்டுல கூண்டு போட்ட மரம் அத்தனையும் எடுக்கறாங்க. தாம்பரம் பஸ் நிக்கற எடம், எவன் தலையிலயாவது விழுந்தா யாரு பதில் சொல்றதுன்னு.

– எல்லாத்தையுமா? இதையுமா?

– இதத்தான் மொதல்ல. இதுதான் ரொம்ப சாஞ்சிருக்கு. நான் மெம்பர்கிட்ட போயி சண்டை போட்டேன். கூண்ட எடுத்துட்டா மரம் நிக்கும், மழைக்கு முன்ன கிளையக் கழிச்சு விட்டா போதும்னேன். எடுத்துக் காட்டுங்க பாய், அசையாம நின்னா விட்டுடறோம்ங்கறாரு. நான் அவர நம்பல. ஆனா நாலு பேர் முன்னால சொல்லிட்டாரு. இன்னிக்குப் பொழுதுக்குள்ள எடுக்கணும். கரண்டு போயி எப்ப வரும்னு தெரியல, கட்டிங் மெஷின் ஓடாது. கேஸ் கட்டிங் வெச்சா பட்டை வெந்துடும். அதான் ஆக்ஸா பிளேடோட வந்து நிக்கறேன்.

– இத வந்ததுமே சொல்லத் தெரியாதா? வாய் தொறக்காம வந்து கம்பிய கரகரன்னு அறுத்தா நான் இன்னான்னு நெனப்பேன்? சீக்கிரம் அறு பாய். இன்னா வேடிக்கை பாக்கற?

– ரம்பத்த நீதான் புடிச்சுகிட்டு இருக்க. விடு.

– இந்தா. ஏன் பாய், ஒரு கதவு வெச்சிருந்தா தெறந்து எடுத்துட்டுப் போலாம்ல? நாலு பக்கமும் ஒட்டி, கால சிமிட்டில பொதச்சு வெச்சுகீற. இது மரக்கூண்டா, புலிக்கூண்டா? வண்டலூர்ல புலிக்குக் கூட கதவு வெச்சுக்கீறான்.

– மொதல்ல செஞ்சதுல கதவு இருந்துச்சு.

– ம்.

– முழ அகலம், தாராளமா. ஒரு பக்கம் கதவு, அதுக்குப் போல்ட்டு. மரம் பெருத்தா கழட்டி எடுக்கத்தான். வெச்சு ஒரு மாசம் ஆகல, பெட்டிக்கடை எதிர்ல இருந்த கூண்டு அப்படியே காணோம். மறுநாளே ஆடு வந்து அந்தச் செடிய மொட்டையடிச்சிட்டுப் போச்சு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மிச்ச கூண்டெல்லாம் கழட்டியாந்து, குறுக்கி, கதவே இல்லாம ஒட்டினேன். எவனும் கை வெக்கக் கூடாதுன்னு. மனுசன நம்பாதது சரி. மரம் வளரும்னு கூட நம்பல பாரு நானு.

– பழங்கதைய வுடு. பிளேடு வழுக்குது, கையப் பாத்து அறு.

– இந்தப் பைய எங்க வெக்கட்டும்? உன் மேசை மேல வெச்சுக்கறேன்.

– அதும் மேல வெக்காத. கவுச்சி. கீழ வை.

– கவுச்சி எனக்குப் புதுசா? பலகை போட்டு, சுத்தி கோணி கட்டி, ஜோராத்தான் வெச்சிருக்க. முன்னலாம் தரையில சாக்கு விரிச்சில்ல வித்த.

– தரையில வெச்சா நாயி வாய் வெக்குது. வல பூட்ச்சி, வூடு பூட்ச்சி, மிச்சம் நின்னது ஒரு கூடை. அதுலயும் நாயி மூஞ்ச வுட்டா நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. நாலு வருசமா இந்தப் பக்கமே வராத ஆளு, வந்ததும் மேசைய ஆராய்ச்சி பண்ற. மீனு கூட கேளம்பாக்கம் போயி வாங்கறியாமே. பஸ் ஏறி வந்த மீனு அவ்ளோ ருசியா?

– ருசி ஒண்ணும் இல்ல. நாறுது.

– அப்பறம்?

– இங்க நீ ஒக்காந்திருக்க. அதான். கீழ்ச்சட்டம் வந்துடுச்சு, புடி. காலு மேல போட்டுக்காத.

– புடிச்சுகினேன். என்னைப் பாத்தா உனுக்கு இன்னா?

– என்னான்னு உனக்குத் தெரியாதா? உம் புள்ள விக்கிய இந்த பஸ் ஸ்டாண்டுலதான அறைஞ்சேன். எம் பட்டறையில வேலை கத்துகிட்ட பையன். கூண்டு காணோம்னு போயிப் பாத்தா, எவனும் அறுக்கல. போல்ட்ட பதமாக் கழட்டிக் கீழ போட்டிருந்துச்சு. அந்த அளவு ஸ்பேனர் எங்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. அது எப்பவும் விக்கி பேண்டு பாக்கெட்டுல கெடக்கும். வேற எவன் மேல சந்தேகப்படுவேன்?

– பேண்டு எந்நேரமும் இடுப்புலயா கெடக்கும் பாய்? வூட்ல கொடியிலயும் தொங்கும்.

– தொங்கினா? உன் வூட்டுக்குள்ள பூந்து எவன் எடுப்பான்?

– ம்.

– நீதானடான்னு கேட்டேன். பேசாம நின்னான். ஓங்கி வுட்டேன். அப்பவும் பேசல. பஸ்ஸுல இருந்தவன்லாம் ஜன்னல்ல தலைய நீட்டிப் பாக்கறான். நீயும் கூடைய இடுப்புல வெச்சுகிட்டு அங்கதான் நின்ன. பெத்தவ வாயத் தொறக்கல. அதப் பாத்துதான் எனக்கு முடிவே ஆச்சு. புள்ள யோக்கியனா இருந்தா தாய்க்காரி தொடப்பத்தத் தூக்கிட்டு வந்திருக்க மாட்டாளா?

– போதும் பாய். மரத்தப் பாரு.

– மரத்தத்தான் பாக்கறேன். அப்பறம் காயலாங்கடை காயலாங்கடையா ஏறி எறங்கினேன். குரோம்பேட்டை வரைக்கும் தேடினேன். அந்தக் கூண்டு எங்கயும் வரல. வித்திருந்தா கண்ணுல பட்டிருக்கும். அப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆச்சு. ஆனா நான் அறைஞ்சாச்சே. அவனும் ஊர விட்டுப் போயாச்சே.

– அந்த மொட்டையடிச்ச எடத்துல இப்ப ஒரு மரம் கீதே.

– பூவரசு. எவனோ நட்டிருக்கான். சுத்தி முள்ளு வெட்டிக் கட்டியிருக்கான், வருசா வருசம் மாத்தறான். இந்த ரோட்டுலயே நேரா நிக்கற மரம் அது ஒண்ணுதான். அதுல என் இரும்பு இல்ல.

– யாரோ பொழுது போவாதவங்கோ நட்டிருப்பாங்கோ.

– முத்தாலம்மா, போன வாரம் மறைமலை நகர் போனேன். பழைய மோட்டார் ஒண்ணு பாக்க. டீக்கடையில ஒருத்தன் பாய்னு கூப்புடறான். கம்பெனி சட்டை, மீசை. எனக்கு அடையாளமே தெரியல.

– விக்கியா?

– விக்கிதான்.

– எளச்சுக் கீறானா?

– நல்லாத்தான் இருக்கான்.

– சாப்புடறானாமா? ராத்திரி வேலைன்னா அவனுக்குக் கண்ணு உள்ள பூடும். சின்னதுலயே அப்டித்தான்.

– நல்லா இருக்கான்னு சொல்றேனே. டீ வாங்கிக் குடுத்தான். வேணாம்னேன். கேக்காம கையில கிளாச வெச்சுட்டான். அத பெஞ்சு மேல வெச்சேன். என் மேல கோவந்தானடா, அதான் ஊருக்கே வரலையான்னு கேட்டேன். உங்க மேல எனக்கு என்னா பாய் கோவம்னு சிரிச்சான்.

– அப்டியா சொன்னான்?

– அப்டியேதான். அப்ப கூண்ட எடுத்தது யாருடா, உனக்குத் தெரியும்லன்னேன். அத விடுங்க பாய்னான். மேல் சட்டம் மரத்த நெரிக்குது, போயி அறுத்து விடுங்கன்னான். உனக்கு எப்படிடா தெரியும்னா, பஸ்ஸுல போறப்ப பாத்தேன்னான்.

– எந்த பஸ்ஸு?

– இந்த ரோட்டு பஸ்ஸுதான். மாமல்லபுரம் போற பஸ்ஸுல ரெண்டு மூணு தடவை இப்படிப் போயிருக்கான். ஜன்னலாண்ட ஒக்காந்து பாத்திருக்கான்.

– எறங்கலியா.

– எறங்கல. எங்கம்மா ஒக்கார்ற மரத்த மொதல்ல அறுத்து விடுங்க பாய், அதுக்கு அந்த நெழல விட்டா வேற நெழல் இல்லன்னான். அழுவாத, முத்தாலம்மா.

– நான் எங்க அழுவறேன். இரும்புத்தூள் கண்ணுல பூட்ச்சி.

– அவன் சொல்லியும் நான் உடனே வரல. உம் மூஞ்சியில முழிக்கணுமேன்னு நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளினேன். அதுக்குள்ள ஸ்கூல் மரம் போச்சு. ஆட்டோக்குள்ள லாசரஸ் இருந்திருந்தா? அதையும் சேத்து சொமக்கணும் நானு. சரி, நடு சட்டமும் வந்துடுச்சு. மேல் சட்டந்தான் பாக்கி.

– அத அறு. வானம் கறுத்துகினு வருது.

– எட்டல. கைய மேல தூக்கினா தோள்பட்டைல அமுக்கம் வர மாட்டேங்குது. ஸ்டூல் எடுத்தாராம வந்துட்டேன். உன் மேசை மேல ஏறிக்கறேன்.

– வேணாம். ஐஸ் பொட்டி தரேன், அதும் மேல ஏறு.

– தெர்மாகோல் பொட்டில நான் ஏறினா நேரா ஆஸ்பத்திரிதான். ஏன், உன் மேசை என்ன ஒடஞ்சுடுமா?

– ஒடையாது.

– அப்பறம் என்ன?

– கொஞ்சம் சும்மா இரேன் பாய்.

– பட்டறைக்குப் போயி ஸ்டூல் எடுத்து வரதுக்குள்ள மழை புடிச்சுக்கும். மழையோட காத்து வந்தா காலையில மெஷினே தேவைப்படாது. யோசிச்சுக்கோ. நான் ஒண்ணு சொல்றேன், கேளு. இத முடிச்சிட்டு நாளைக்கு ரெண்டு பேரும் மறைமலை நகர் போவோம். அவன் கம்பெனி வாசல்ல, நாலு பேரு பாக்கவே, நான் அவன் கையப் புடிச்சுக் கேட்டுக்கறேன். நீ பக்கத்துல நின்னா வருவான். அவன் திருடலம்மா. திருடினவன் எவனோ இந்த ஊருக்குள்ளயே மூக்கு முட்டத் தின்னுட்டு நிம்மதியாத் தூங்கறான்.

– தூங்கல பாய்.

– எவன்?

– இந்தப் பலகையோட அந்த முனையப் புடி. ஆங், மெதுவா எறக்கு. கோணிய நான் அவுக்கறேன், நீ தொடாத.

– கோணில அப்படி என்ன… கதவு வெச்ச கூண்டு… முத்தாலம்மா.

– ஏறு பாய். உன் கை வேலைதான். தாங்கும்.