இன்சேட் பலகையின் ஆணி

மச்சாள், அண்ணைக்குத் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி வேண்டும். ஒன்றரை போட்டால் கண்டுபிடித்துவிடுவார். ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவார். அவருடைய குணம் அதுதான்.

கனடாவிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டதாக நேற்றுப் போனில் சொன்னீர்கள். அவருடைய கை இப்படியானாலும் பரவாயில்லை, நானே லண்டனுக்கு வந்து அம்பலவாணனைக் கட்டுகிறேன் என்றீர்கள். அண்ணை அழுதார். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் மற்ற அறையில் நித்திரை. எழும்பி வந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். லூயிஷாமில் ரயில்பாதைக்குக் கீழே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தமிழ்க் கடைகளுக்கு அண்ணை சாமான் அடுக்கும் இறாக்கை செய்துகொடுத்தார். அவருடைய தட்டுகள் வெறும் ஆணியில் நிற்பதில்லை. பக்கப் பலகையில் முக்கால் அங்குலப் பள்ளம் வெட்டி, அதற்குள் தட்டைச் செருகுவார். அரிசி மூட்டை வைத்தாலும் அசையாது. அந்தப் பள்ளம் வெட்ட, மேசை நடுவில் சுழலும் மின்சார வாளில் இரண்டு மூன்று அலகுகளைச் சேர்த்து இறுக்கி ஒரே தடித்த வாளாக்குவார். அப்போது வாளைச் சுற்றி மேசையில் பதிகிற பலகையும் மாறவேண்டும். அதை அவர் இன்சேட் என்பார். கடையில் வாங்கமாட்டார், ஒட்டுப்பலகையில் தானே செய்வார். வாளின் அகலத்துக்குச் சரியான வாய், மட்டம் பார்க்க நாலு மூலையிலும் திருகாணி, பின்விளிம்பில் வெளியே நீட்டியபடி தலையில்லாத ஒரு சின்ன ஆணி. அந்த ஆணி மேசை விளிம்புக்குக் கீழே போய்ப் பிடித்துக்கொள்ளும். வாளின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே வருபவை. ஆணி இல்லாவிட்டால் அவை பலகையைத் தூக்கி எறிந்துவிடும்.

சனி ஞாயிறுகளில் இன்சேட்டைப் போடுவது என் வேலை.

“நாலு மூலையும்?”

“அமத்திப் பாத்தனான்.”

“பின்பக்கம்?”

“நகத்தால கிளப்பிப் பாத்தனான். வரேல்லை.”

“அப்ப சொல்லு.”

“சரி அண்ணை.”

அந்தச் ‘சரி’ கேட்காமல் அவர் சுவிட்சைத் தொடமாட்டார். “பதினைஞ்சு வயசில இப்பிடியொரு இன்ஸ்பெக்டர் வேறை ஆருக்கும் கிடைக்காதடி” என்று பகிடி விடுவார்.

ஓகஸ்டில் உங்கள் சம்பந்தம் சரிவந்தது. வருஷக் கடைசியில் அவர் கனடா போவது, நான் சவுத்தாலில் கனகாம்பிகை மாமி வீட்டில் நின்று படிப்பது என்று முடிவானது.

“ரெண்டு வருஷம்தான், கலா. பிறகு உன்னையும் கூப்பிடுவன்.”

“ஓம் அண்ணை.”

நான் அழவில்லை. இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் அப்பாவும் சவூதிக்குப் போனார். அம்மாவின் செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை. அண்ணையும் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. போகிறவர்களுக்கு அது பொய் என்று தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஆயுதபூசைக்கு இன்சேட்டுகளையெல்லாம் கழற்றித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். அன்றைக்கு ஆயுதங்களைத் தொடக்கூடாது. அண்ணை தொடவில்லை. அவர் கடைக்குப் பழம் வாங்கப் போன நேரம் நான் தொட்டேன். அகலமான வாயுள்ள இன்சேட்டின் ஆணியைக் குறட்டால் பிடுங்கினேன். ஓட்டையில் கொஞ்சம் சந்தனத்தை அப்பினேன்.

சின்னக் காயம் ஒன்று வரும், பயணம் பிந்தும் என்று மட்டுமே நினைத்தேன். அந்தப் பலகை எப்படிப் பாயும், கை எங்கே போகும் என்று அவர் எனக்குப் பென்சிலால் கீறிக் காட்டியிருந்தது உண்மைதான். அதையும் மறைக்கவில்லை.

மறுநாள் விஜயதசமி, புது வேலை தொடங்குகிற நாள். அண்ணை கற்பூரம் காட்டினார். நான் இன்சேட்டைப் பதித்தேன்.

“பின்பக்கம்?”

“பாத்தனான்.”

“சரியோ?”

“சரி அண்ணை.”

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பலகை எழும்பியது, மரம் துள்ளியது, அவருடைய வலக்கை முன்னால் போனது. தடித்த வாள் அள்ளித்தான் எடுக்கும், மச்சாள். இரண்டு விரல்கள் இல்லை. பெருவிரல் மடங்குவதில்லை. வாளை நிறுத்தி, கையைத் துவாயால் சுற்றி, அம்புலன்சுக்கு அடித்தது நான்தான். நான் பதறவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

நாலாம் நாள் கவுன்சிலிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தார். அண்ணைக்கு இங்கிலீஷ் போதாது என்பதால் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். பலகையில் ஆணி ஏன் இல்லை என்று அவர் கேட்டார்.

“ஆணி அடிச்சனான், கலா. எனக்கு நல்ல ஞாபகம். அவருக்கு வடிவாச் சொல்லு.”

நான் வடிவாகச் சொன்னேன். ஆணி அடிக்கத் தான் மறந்துவிட்டதாக அண்ணை சொல்கிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த மனிதர் எழுதிக்கொண்டு, பரிதாபத்தோடு தலையாட்டினார். அவர் தன்னை நம்பிவிட்டார் என்று நினைத்து அண்ணை அவருக்கு “தாங்க்யூ” என்றார்.

இப்போது அண்ணையே சில நேரம் கேட்கிறார்: “நான் உண்மையா அடிச்சனானோ, கலா? மறந்திட்டன் போல கிடக்கு.” நான் அவருடைய தலையைத் தடவிவிடுகிறேன்.

பெருவிரலுக்குப் பயிற்சி செய்தால் மடங்குமாம். வரச்சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. கவுன்சில் கடிதம் என்று அண்ணையிடம் சொல்லி என் புத்தகங்களுக்குக் கீழே வைத்திருக்கிறேன். நீங்கள் இங்கிலீஷ் படித்தவர். வந்தால் கடிதங்களை நீங்கள்தான் பிரிப்பீர்கள். அதற்கு முதல் நானே சொல்லிவிடுவது மரியாதை என்று பட்டது. வரவேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவரை உங்களுக்குப் பார்க்கத் தெரியுமோ என்பதுதான் என் கவலை. நான் அவருக்குச் சோறு தீத்திவிடுகிறேன், சவரம் செய்துவிடுகிறேன், சப்பாத்து நாடா கட்டிவிடுகிறேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

போன கிழமை இடக்கையால் தானே சட்டைப் பொத்தான் போட்டுப் பார்த்தார். மூன்று போட்டுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் இனி இப்படிக் கஷ்டப்படக்கூடாது என்று, எல்லாச் சட்டைகளுக்கும் இடக்கையில் பிடிபடாத சின்னப் பொத்தானாக மாற்றித் தைத்திருக்கிறேன்.