ஒரு மூட்டை குறைச்சு

— தனியாத்தான் வந்திருக்கேன் மேஸ்திரி. டிரைவரைக்கூட கூட்டிட்டு வரல. எங்க வச்சிருக்க அதை?

— முதல்ல உட்காருங்க முதலாளி. வீட்டுல வேற யாரும் இல்ல. அந்த ஸ்டூல் ஆடும், சுவரோரமா தள்ளிப் போட்டுக்குங்க.

— உட்கார எல்லாம் நேரமில்ல. நாளைக்குக் கோர்ட்டு. நீ என்னடான்னா போன்ல, ‘தளத்துக் கலவையில வார்த்த க்யூப் கட்டி மூணு எங்கிட்ட இருக்கு’ன்னு சொல்லிட்டு வச்சுட்ட. போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கேன், புரியுதா?

— அப்படிங்களா. எனக்குத் தூக்கம் போயே எட்டு மாசம் ஆச்சு.

— ஆரம்பிச்சிட்டியா.

— பதில் மனுவுல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? ‘சிமெண்ட் மூட்டையைத் திருடி வித்தது மேஸ்திரி, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு. முப்பது வருஷம் கரண்டி புடிச்ச கை இது. இப்ப ஒரு கக்கூஸ் ஓட்டையை அடைக்கக்கூட ஒருத்தன் கூப்பிட மாட்டேங்கிறான். ஹார்டுவேர் கடையில போய் நின்னா, பையன் வெளிய கிடக்கிற சாமானை எடுத்து உள்ள வைக்கிறான்.

— அது வக்கீல் எழுதினதுய்யா. யாரையாவது ஒருத்தரைக் காட்டியாகணும். சிமெண்ட் கணக்குப் பார்த்த என் மச்சானையா காட்ட முடியும்? நீ நம்ம ஆளு, பொறுத்துப்பேன்னு நினைச்சேன்.

— நல்லா நினைச்சீங்க.

— என்னை என்ன பண்ணச் சொல்ற? நாம கட்டின பிளாக்குல நாலாம் மாடி வாங்கின நர்ஸம்மா, கேஸைப் போட்டுட்டுப் பிடிச்ச பிடியை விட மாட்டேங்குது. சமாதானத்துக்கு மூணு தடவை ஆள் அனுப்பிட்டேன்.

— எப்படி வரும் சமாதானத்துக்கு? டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்தா கட்டில் மேல சீலிங் கிடக்கு. தலகாணி எங்கன்னே தெரியல. அன்னிக்கு மட்டும் லீவு போட்டிருந்தா அந்தம்மா கதை முடிஞ்சிருக்கும்.

— பூச்சு விழுந்ததுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

— பூச்சு இல்ல முதலாளி. தளமே பேந்திருக்கு. துருப்பிடிச்ச கம்பி பல்லு மாதிரி தெரியுது. நான் போய்ப் பார்த்தேன்.

— நீ எதுக்குய்யா அங்க போன?

— கட்டினவன் பார்க்க வேணாமா? வாசல்லயே நிக்க வச்சு, ‘திருட்டுப் பயலே’ன்னு சொல்லிச்சு அந்தம்மா. மூஞ்சியில துப்பியிருந்தாக்கூட தொடைச்சிட்டு வந்திருப்பேன். இந்த வார்த்தை உள்ளேயே நிக்குது.

— சரி, விடு விடு. இங்க பாரு, என் பொண்ணு பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கா. குழந்தை பொறந்து பன்னெண்டு நாள்தான் ஆகுது. இந்த நேரத்துல வீட்டுல ஒரு வம்பும் வேணாம்னு பார்க்கிறேன், புரியுதா?

— கேள்விப்பட்டேன். அதனாலதான் இன்னிக்கே கூப்பிட்டேன்.

— மிரட்டுறியா?

— ஐயையோ, நான் எங்க முதலாளி மிரட்டுறது?

— லேபுக்கு அனுப்பின க்யூப் எல்லாம் பாஸ் ஆகி, ரிப்போர்ட்டு கோர்ட்டுல இருக்கு. நீ எங்கேருந்து புதுசா மூணு கொண்டு வந்த?

— லேபுக்குப் போனது நீங்க தனியா கலக்கச் சொன்ன கலவை. அதுல சிமெண்டை அள்ளிக் கொட்டினோம், பாஸ் ஆகாம என்ன செய்யும்? எங்கிட்ட இருக்கிறது தளத்துல நிஜமா ஊத்தின கலவை. எந்தத் தளம் போட்டாலும் மூணு அச்சுல புடிச்சு வச்சு, ஈரத்தோட ஆணியால தேதி கீறிடுவேன். பின்னாடி எப்ப உடைச்சுப் பார்த்தாலும் தளத்தோட லட்சணம் தெரிஞ்சிடும்.

— உன்னை யார்யா எடுத்து வைக்கச் சொன்னா?

— யாரும் சொல்லல. பழக்கதோஷம்.

— இப்ப எங்க இருக்கு?

— உங்க கண்ணு முன்னாடிதான். அந்த மூணு பூந்தொட்டிக்கும் அடியில. என் வீட்டுக்காரி ஏதோ கல்லுன்னு நினைச்சு முட்டுக் கொடுத்து வச்சிருக்கா.

— நாசமாப் போச்சு. தொட்டியைத் தூக்கு.

— நீங்க தூக்குங்க. என் முதுகு உங்க சைட்டுலயே போயிடுச்சு.

— இம்... ப்பா! என்னா கனம். சுத்தியல் இருக்கா? உடைச்சுத் தூள் தூளாக்கிட்டுத்தான் போவேன்.

— இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் கோர்ட்டுல, ‘மூட்டையைக் குறைக்கச் சொன்னது நான்தான், மேஸ்திரி திருடல’ன்னு சொல்லிடுங்க. வேற எதுவும் வேணாம் எனக்கு.

— பைத்தியமா உனக்கு? என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கவா? கேஸ் முடியட்டும், அடுத்த பிளாக்கு வேலை முழுக்க உனக்குத்தான்.

— என் பேரு?

— பேரை வச்சுக்கிட்டு என்னய்யா பண்ணப் போற?

— அப்படிங்களா. ‘கலவைக்கு ஒரு மூட்டை குறை’ன்னு நீங்க சொன்ன நாள் ஞாபகம் இருக்கா? ‘எல்லாத்துக்குமா முதலாளி’ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். நாப்பது பேர் பார்க்க என் ஹெல்மெட்டைப் பிடுங்கிக் கலவைக்குள்ள எறிஞ்சீங்க. ‘சொன்னதைச் செய், மூளையை வீட்டுல கழட்டி வச்சிட்டு வா’ன்னீங்க.

— கோவத்துல ஆயிரம் சொல்றதுதான். இன்னுமா மனசுல வச்சிருக்க?

— வச்சிருக்கேன். சோத்துல கை வைக்கும்போதெல்லாம் ஞாபகம் வருது. நீங்க ஒரு நாளாவது பதறி நிக்கணும், அதை நான் கண்ணால பார்க்கணும். அவ்வளவுதான் என் ஆசை.

— பார்த்துக்கிட்டே இரு. இப்ப சுத்தியலைக் கொடுக்கிறியா, இல்லையா?

— இந்தாங்க. நீங்களே உடைங்க. என் கை பட்டா, அதையும் நான் திருடினேன்னு எழுதிடுவீங்க.

— அட! ஒரே போடு, ரஸ்க் மாதிரி உதிருதுய்யா! ரெண்டாவதும் அப்படித்தான். ஹா! இதைக் கோர்ட்டுல காட்டியிருந்தா நான் தொலைஞ்சிருப்பேன்.

— மூணாவதை உடைக்காதீங்க. அதுல கீறியிருக்கிற தேதியைப் படிங்க.

— எதுக்கு?

— சும்மா படிங்க.

— பதினேழு... மூணாம் மாசம். அதுக்கென்ன இப்ப?

— நாலாம் மாடித் தளம் போட்டது அதுக்கு அஞ்சு மாசம் முந்தி. அந்தத் தளத்து க்யூப் மூணும் போன வாரமே கோர்ட்டுக்குப் போயிடுச்சு. திருட்டுப் பயன்னு சொன்ன நர்ஸம்மாதான், ‘அண்ணே’ன்னு கூப்பிட்டு, ஆட்டோவுல மடியில வச்சு எடுத்துட்டுப் போச்சு.

— அடப்பாவி! அப்ப இது எந்தப் பிளாக்கு? பதினேழு, மூணு... அன்னிக்கு சைட்டுல வேலையே நடக்கலையே. எல்லா ஆளையும் நான்தான்...

— ஆமா. நீங்கதான் அனுப்பினீங்க. முதல் சட்டி கலவையை உங்க கையாலதான் கொட்டினீங்க. மத்தியானம் எங்க எல்லாருக்கும் இலை போட்டு சாப்பாடு.

— டேய்... டேய், என் வீட்டுக்கு நான் குறைக்கச் சொல்லலையேடா!

— உங்க வீட்டு வேலையும் அப்ப ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு? அதைத்தான் கேட்டேன், எல்லாத்துக்குமான்னு. உங்க மச்சானும் ரெண்டு இடத்துக்கும் ஒரே மாதிரிதான் மூட்டை எண்ணி அனுப்பினாரு. நான் மூளையை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்திருந்தேன்.

— நாலு வருஷம்! நாலு வருஷமா வாயைத் திறக்காம இருந்திருக்கியே!

— இருந்தேன். மழை பேயும்போதெல்லாம் உங்க வீட்டை நினைச்சுச் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தை வந்திருக்குன்னு காதுல விழுந்ததுல இருந்து அந்தச் சந்தோஷமும் போச்சு.

— எந்த இடம்யா இது? மாடியில எந்த ரூமு?

— போனை எடுங்க முதலாளி. குழந்தையைத் தூக்கிட்டு, கட்டிலை விட்டு இறங்கி, வீட்டை விட்டே வெளிய வரச் சொல்லுங்க பொண்ணை.