மரத்துக்குப் பதிலாகப் போன சாட்சிக் கூண்டு

பெயர் கொளஞ்சியம்மாள், வயது பதினாறு, தகப்பனார் பெயர் அம்மாசி, குடியிருப்பு கள்ளக்குறிச்சி பழைய கோர்ட் வளாகத்தில் உள்ள காவலாளி வீடு. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியும். என் அப்பா காவலாளி. பெருக்குகிற வேலையை அவருக்காக நான் செய்து வருகிறேன். அரசாங்கச் சாமானை மறியல்காரர்களுக்குக் கொடுத்ததாகச் சொல்லி அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பது பற்றி விசாரித்ததில் நான் சொல்வதாவது:

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, நான் முதலில் கவனித்தது பெருக்கி வைத்த மண்ணில் கிடந்த ஒரு பிடி மரத்தூளை. நிமிர்ந்து பார்த்தபோது தூங்குமூஞ்சி மரத்தில் ரம்பம் இரண்டு விரல் ஆழம் இறங்கியிருந்தது. மறியல்காரர்கள் ஐந்து பேர் நின்றிருந்தார்கள். அப்பா லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கரியாலூருக்கு ஒரு சாவுக்குப் போனவர், பஸ் ஓடாததால் அங்கேயே இருந்துவிட்டார். சாவி என்னிடம்தான் இருந்தது.

அந்தக் கட்டடம் வெள்ளைக்காரர் காலத்தில் தாலுகா கச்சேரியாக இருந்து, பிறகு கோர்ட் ஆனது என்று அப்பா சொல்வார். கோர்ட், பக்கத்தில் உள்ள புதுக் கட்டடத்துக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஓட்டுக் கூடத்தில் பெஞ்சுகளும் சாட்சிக் கூண்டும் மட்டும் மிச்சம். கூண்டின் பலகை நின்றவர்கள் கால் பட்டுப் பட்டு இரண்டு பள்ளமாகக் குழிந்திருக்கும். பெருக்கும்போது அதில் என் காலை வைத்துப் பார்ப்பேன். புதுக் கோர்ட்டில் மரம் கிடையாது. மலையிலிருந்து வாய்தாவுக்கு வருகிறவர்கள் இன்னும் எங்கள் மரத்தடியில்தான் சோற்று மூட்டையை அவிழ்க்கிறார்கள்.

ரம்பம் பிடித்திருந்தவரிடம், “அண்ணே, மரத்த வுட்டுடுங்க” என்றேன்.

“அப்ப ரோட்ட இன்னாத்த வெச்சி அடைக்கிறது? உன்னயா?” என்றார்.

அதன் பிறகு நான் கூடத்தைத் திறந்து பெஞ்சுகளையும் கூண்டையும் காட்டி, அவற்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “வரப்புத் தகராறுல ஏழு வருசம் இதுல ஏறி நின்னேன். இது ஒரு வாரம் வெயில்ல நிக்கட்டும்டா” என்றார்.

கோர்ட்டில் ஒரு நாற்காலி பக்கத்து அறைக்குப் போனாலும் சீட்டு எழுதி வாங்குவார்கள், நாற்காலி திரும்பினால் சீட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே எழுதிக் கொடுத்துவிட்டு எடுக்கும்படி கேட்டேன். “கவர்மெண்டயே எதுத்துக்கினு கீறோம், இது சீட்டு கேக்குது பாரு” என்று ஒருவர் சிரித்தார். ரம்பக்காரர் சிரிக்கவில்லை. பெஞ்சு நான்கு, கூண்டு ஒன்று என்று எழுதி, பெயரும் ஊரும் போட்டுக் கையெழுத்திட்டார்.

மறியல் முடிந்த மறுநாள் எல்லாவற்றையும் அவர்களே சுமந்து வந்து இருந்த இடத்தில் வைத்தார்கள். கூண்டின் கைப்பிடிச் சட்டம் ஒன்று உடைந்திருந்ததால், அவர் புதுச் சட்டம் இழைத்து வந்து அடித்துக் கொடுத்தார். நான் சரிபார்த்துவிட்டு வழக்கப்படி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் புதுச் சட்டத்தைப் பார்த்துத்தான் அப்பா மேல் புகார் வந்தது. சாமான்களை எடுத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது.

இங்கிருந்து நானே எழுதுகிறேன். மேலே, நான் சொல்லச் சொல்ல விசாரணை ஐயா எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது, கடைசி வரி தவிர. பெயரைச் சொன்னால் அப்பா நாளைக்கே வேலைக்கு வரலாம் என்று ஐயா சொன்னீர்கள். நான் பேசாமல் நின்றதால் தெரியாது என்று எழுதிவிட்டீர்கள். அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தெரியும், சொல்ல மாட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அ. கொளஞ்சியம்மாள்