கொம்பு செய்த வேலை அல்ல

மாட்டுக் கொம்பின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, இன்ஸ்பெக்டர் சார். கொம்புக்குள் சாணத்தை அடைத்துப் புதைத்து, மழைக்காலம் கழிந்ததும் எடுத்து, தண்ணீரில் வலமும் இடமுமாகக் கலக்கித் தெளித்தால் பட்ட நிலம் உயிர் பிழைக்கும் என்று எங்கள் பண்ணை மையத்தின் தலைவி சேதுலட்சுமி அம்மாள் நம்புகிறார். ஜெர்மன்காரர் யாரோ எழுதியதாம். பெரிய இடத்து அம்மாள், பொழுது போக வேண்டாமா? ஆனால் நேற்று ஆண்டு விழாவில், மாரியூர் மணல்காடு திரும்பவும் காடானது கொம்பின் மகிமை என்று கலெக்டர் முன்னால் அவர் பேசியபோது எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

நான் பரமக்குடியில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மையத்தில் சம்பளம் வாங்காத தொண்டன். சிரமதானம் என்று கதர் கட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒரு வெயிலுக்கே தலைவலி வந்து பஸ் ஏறிவிட்டார்கள். நான் தங்கினேன். உடைமரக் கன்றும் வேப்பங்கன்றும் நட்டு, முள்வேலி போட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது, ஒரு குடிசையைத் தவிர.

அதில் பனையேறி வீரபத்திரன், அவன் பெண்டாட்டி பிச்சையம்மாள், மகள் பூமயில், சில ஆடுகள். காட்டை வரைகிறவன் நடுவில் ஓர் ஆளை வைத்தால் பார்க்கிறவன் கண் ஆளிடம்தான் போகும். இதை அம்மாளிடம் எடுத்துச் சொன்னேன். "அவங்களும் இயற்கைதான் சார், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். படிப்பு மிஞ்சினால் இப்படித்தான். ஆடுகள் என் கன்றுகளைக் கடித்தன. குழந்தையோ தான் குடிக்கிற தண்ணீரில் ஒரு சிரட்டை கொண்டுவந்து ஒரு வேப்பங்கன்றுக்கு ஊற்றும். இயற்கையின் போக்கில் குறுக்கிடக் கூடாது என்று சொன்னேன். சிரித்தது.

யாரையும் விரட்டுவது என் சுபாவம் இல்லை. உதவி செய்யலாம் என்று நினைத்தேன். குடிசைக்குப் பக்கத்தில் மணலில் அவர்கள் குடிக்கிற ஊற்று இருந்தது. அதை ஆழப்படுத்தித் தருகிறேன் என்றதும் பிச்சையம்மாள் பதறினாள்.

"வேணாம் வாத்தியாரய்யா. முழங்காலுக்கு மேல தோண்டிராதிய. நல்ல தண்ணி மேலாப்புலதான் கெடக்கு, கீழ பூராம் உப்பு. ஏறிருச்சுன்னா இங்கன ஒரு வாய்த் தண்ணி கிடைக்காது."

அதுவரை எனக்கு இது தெரியாது. தெரிந்த பிறகுதான் கடப்பாரையை எடுத்தேன்.

அவர்கள் கருப்பட்டியோடு சாயல்குடிச் சந்தைக்குப் போயிருந்தபோது, மையத்துக் கூலியாட்களை வைத்து ஆள் ஆழத்துக்குத் தோண்டி, உறை இறக்கி, உப்பு மேலே வரும்வரை இறைத்தேன். திரும்பி வந்த பிச்சையம்மாள் ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினாள். "நான் சொன்னேனே அய்யா" என்றாள். வீரபத்திரன்தான் அவளை அடக்கினான். "விடு புள்ள. நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சிருக்காரு." நல்ல மனிதன். கொஞ்சம் தள்ளி வேறு ஊற்று தோண்டினான். அங்கும் போய் அதே தொண்டு செய்தேன்.

கொம்புச் சாணம் கலக்க மையத்துக்கு வண்டியில் பீப்பாய் பீப்பாயாக நல்ல தண்ணீர் வந்தது. பிச்சையம்மாள் ஒரு குடம் கேட்டாள். அது மண்ணுக்கு வந்த தண்ணீர் என்று பொறுமையாக விளக்கினேன். மாடு குளிக்கிற ஊருணியில் அவர்கள் மொண்டு குடித்தார்கள். பூமயிலுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அன்று மத்தியானம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

"எங்க பனையடியில பொதைச்சுக்கிறோம் அய்யா" என்றான் வீரபத்திரன். அங்கே கொம்புகள் புதைத்திருக்கிறோம், மண் கலைந்துவிடும் என்றேன். பிள்ளையை வேறெங்கோ புதைத்துவிட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது பிச்சையம்மாள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்திருந்தால் சொல்லிக்கொண்டு போயிருப்பாள்.

அதன் பிறகுதான் சார், அந்த நிலம் மூச்சு விட்டது. உடைமரம் தானாக முளைத்தது, உப்பு மண்ணில் உமிரிச் செடி படர்ந்தது, எங்கிருந்தோ மயில் வந்தது. பார்த்தால் ஆள் இல்லாத அருமையான படம். இதைக் கொம்பா செய்தது? ஊற்றில் உப்பேற்றியது நான். ஒரு குடம் தண்ணீர் இல்லை என்றது நான். குழந்தை செத்தது என்னால். காடு வந்ததும் என்னால். ஒன்று விடாமல் என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு விஷயம். கொம்பின் மகிமைக்குச் சாட்சி என்று அம்மாள் கலெக்டருக்கு ஒரு வேம்பைக் காட்டினார். நான் நட்ட கன்றுகளில் நின்றது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் கருகிவிட்டது. அதை எழுதும்போது மட்டும் என் பெயரைப் போட வேண்டாம். யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். அது கொம்பால் வளர்ந்ததாகவே இருக்கட்டும்.