காரணம் எழுதும் இடம்

மலேசியாவில் மூவார் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி மடியில் அர்ச்சனைப் பை.

“எங்க டீம் லீடர் அக்காவுக்கு அர்ச்சனை பண்ணேன். நட்சத்திரம் தெரியல, ஐயரு சாமி பேர்லயே பண்ணிட்டாரு.”

“அலமாக்! அவங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

“இல்ல லா. நான்தான் கிளினிக் டேட்டாபேஸ்ல, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு எச்சரிக்கை காட்டுற பகுதியையே அழிச்சிட்டேன்.”

“ஐயோ! அப்புறம்?”

“அக்கா அதுல ஒரு சின்ன சாஃப்ட்வேர் சேர்த்து வெச்சிருந்தாங்க. யார் எதை மாத்தினாலும் பழசு அப்படியே இருக்கும். ரெண்டு நிமிஷத்துல திருப்பிக் கொண்டு வந்துட்டாங்க.”

“யார் அழிச்சாங்கன்னும் இருக்குமே?”

“என் பேரு இருக்கு. திருப்பி வைக்கிறப்போ காரணம் எழுதியே ஆகணும். பாஸ் அதைப் படிப்பாரு. வேலை போச்சுன்னு நெனச்சேன்.”

“என்ன எழுதினாங்க?”

“‘இவளைச் சாப்பிடக்கூட விடாமல் வேலை கொடுத்தேன். தவறு என்னுடையது’ன்னு.”

மற்றவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“பாஸ் பாத்துட்டு அந்த வரியை எடுத்துடச் சொன்னா?”

“அதை யாராலயும் அழிக்க முடியாது லா.”