காதுக்குப் போட்ட ஒட்டு

இல்லம்மா, மயக்கமெல்லாம் ஒண்ணுமில்ல. காது சோதிக்குற அந்தச் சின்ன அறைக்குள்ள கதவச் சாத்துனதும் மூச்சு முட்டுது, அவ்வளவுதான். கொஞ்சம் உக்காந்துட்டுப் போறேன். நீ இந்தப் பக்கமா வந்து பேசு. வலது காதுதான் ஏதோ கொஞ்சம் வேலை செய்யுது.

ஏழு வயசுலேருந்து சீழ் வடியுதும்மா. பஞ்சு வெச்சுக்கிட்டே பள்ளிக்கூடம், பஞ்சு வெச்சுக்கிட்டே கல்யாணம். என்னைக் கட்டிக்கறியான்னு அவரு கேட்டதுகூட சரியா காதுல விழல. எதுக்கோ கேக்குறாருன்னு தலைய ஆட்டி வெச்சேன். ம், அவரு போயி எட்டு வருசமாச்சு. வேலையும் எனக்குத் தோதாத்தான் அமைஞ்சுது. ஓட்டல் துணியெல்லாம் துவைக்குற எடம். அந்த மெஷின் சத்தத்துல அங்க எல்லாருமே செவிடுதான், நான் மட்டும் தனியாத் தெரியல.

வெளியில கட்டம் போட்ட சட்டையோட நிக்குறாளே, அவ என் மக. போன வருசம் வேலை முடிஞ்சு ரோட்டத் தாண்டுறேன், பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்திருக்கான். எனக்கு எங்க கேக்குது? எதிர்ல நின்ன இவதான் ஓடி வந்து தள்ளிவிட்டா. எனக்கு ஒரு கீறல் இல்ல. அவளுக்கு மணிக்கட்டு ஒடைஞ்சு போச்சு. அன்னிலேருந்து என்னைத் தனியா எங்கயும் விடுறதில்ல. பாலம் கட்டுற கம்பெனியில படம் வரையுற வேலை, தூரத்து ஊரு, வான்னு அவளுக்குக் கடுதாசி வந்துது. அதத் துணிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டா. கண்டுபுடிச்சு ஏண்டின்னு கேட்டா, ஒன் காது மொதல்ல சரியாகட்டும்ங்குறா.

அதுக்கப்புறந்தான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கிட்டேன். இடது காதுக்குப் பின்னால கீறி, அங்கேருந்து மெல்லிசா ஒரு சவ்வ எடுத்து, உள்ள இருக்குற ஓட்டைக்கு ஒட்டுப் போட்டாங்க. சைக்கிள் டியூப்புக்குப் போடுற மாதிரிதான்னு டாக்டர் சொன்னாரு. மூக்கச் சிந்தாத, தண்ணி படாமப் பாத்துக்க, தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மு. எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தேன். மூணாவது வாரம் சனியன் புடிச்ச சளி வந்துது பாரு. ஒரு நாள் எந்திரிச்சுப் பாத்தா தலையணையில அதே ஈரம், அதே நாத்தம். அவ முழிக்கறதுக்குள்ள உறைய அலசிக் காயப்போட்டுட்டேன். அவளுக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

புரியுதும்மா. ஈரமா இருக்குற காதுல எப்படி இவ்வளவு நல்லாக் கேக்குதுன்னு முழிக்கிற. சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குன்னு சொன்னல்ல? எனக்கு ஒண்ணும் கேக்கல. கண்ணாடி வழியா ஒன் தோள் தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவ சத்தம் அனுப்புறப்பவும் லேசா அசையுது. அதப் பாத்துத்தான் அமுக்குனேன்.

கோவப்படாத கண்ணு. காகிதத்துல உள்ளத உள்ளபடியே எழுதிக்க, அது ஒன் வேலை. மறுபடியும் கீறணும்னா அடுத்த மாசம் நானே தனியா வந்து படுத்துக்குறேன். காது சரியாச்சுன்னு நம்பி நாளைக்குக் காலையில அவ அந்த வேலைக்கு ரயில் ஏறணும், அவ்வளவுதான் எனக்கு. இப்ப உள்ள வந்து ஒன் மொகத்தத்தான் மொதல்ல பாப்பா. பொய்யெல்லாம் சொல்ல வேணாம். கொஞ்சம் சிரிச்ச மாதிரி இரு, போதும்.